பாலத்தின் வயிற்றில் என் வயிற்றெரிச்சல்

விழாவுக்குத் தலைமை தாங்கும் நகரமன்றத் தலைவர் அம்மையார் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், எந்த நேரமும் தொலைபேசி அழைக்கலாம் என்ற கவலையோடு ஒரு கால் செருப்பில் ஒரு கால் தரையில் என்று அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே! முழங்கால் வலியோடு வந்து முகமலர்ச்சியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! பெற்றதால் தாயானவர்களே! பெறாமலே, யார் பிள்ளை என்று பாராமலே, கையைப் பிடித்து இந்தச் சாலையைக் கடக்கவைத்ததால் தாயானவர்களே! இத்தனை ஆண்டுகளாக இந்த அகன்ற சாலையை நடந்தும், ஓடியும், நடுத்தடுப்பை ஏறிக் குதித்தும் கடந்து, இன்னமும் முழுசாக என் முன்னால் உட்கார்ந்திருக்கும் அதிசயப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்னும் ஒருவர் பாக்கி. மேடையின் நடு நாற்காலியில் இருக்கிறாரே, இன்றைய நாயகர், இந்த நடைமேம்பாலத்தை வரைந்த பொறியாளர், என் மனைவியின் தங்கையை மணந்தவர், என் அன்புச் சகலை அவர்களே! உங்களுக்கும் வணக்கம்.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். தலைவர் பெயரைச் சொன்னபோதுகூட இவ்வளவு கைதட்டல் இல்லை. நான் காத்திருக்கிறேன். இவருக்குக் கைதட்டி முடியும்வரை காத்திருப்பது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து, அதாவது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து, பழக்கம்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்திருக்கிறார்கள். வாழ்த்துகிறேன். மனதார வாழ்த்துகிறேன். ஆனால்...

பார்த்தீர்களா! 'ஆனால்' என்ற ஒரு சொல்லுக்கே அந்த மூலையில் பாலத்தைக் கட்டிய தோழர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிப்பின் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு, ஐயா மேஸ்திரியாரே, உங்கள் ஆட்களைக் கொஞ்சம் அடக்கிவையுங்கள்.

பெருமக்களே! மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் தங்களிடம் இல்லாததைப் பற்றித்தான் பேசுவார்கள். அடக்கம், அன்பு, தியாகம். நான் என்னிடம் நிறைய இருப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறாமை! பச்சைப் பொறாமை! பதமாகக் காய்ந்த பொறாமை! நானும் ஒரு பொறியாளன். நானும் பாலம் வரைகிறவன். நானும் அதே வீட்டுக்கு மருமகன், அதுவும் மூத்த மருமகன். அப்படியிருக்க, மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மேசை மின்விசிறி. நான் உட்கார்ந்திருப்பேன், காற்று என் மேல் வரும். இவர் உள்ளே நுழைவார். மாமனார் எழுந்து, மிகுந்த மரியாதையோடு, அந்த மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்புவார். ஒரு மனிதனின் வாழ்க்கையில் புயலை அளக்க எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. காற்று நின்றுபோவதை அளக்க ஒரு கருவி உண்டா?

என் மனைவி மூன்றாவது வரிசையிலிருந்து கையால் ஏதோ சாடை காட்டுகிறாள். குடும்ப விஷயம் வேண்டாமாம். சரி, பாலத்துக்கு வருகிறேன்.

நடைமேம்பாலம் என்றால் உங்களில் பலருக்கு அது படியும் பலகையும். அப்படி நினைத்துக் கட்டிய பாலங்கள் ஊர் ஊராக நிற்கின்றன. மேலே காக்கை நடக்கிறது, கீழே மனிதன் ஓடுகிறான். ஏன்? மனிதன் சோம்பேறியா? இல்லை. படியைப் பார்த்ததும் அவன் முழங்கால் ஒரு கணக்குப் போடுகிறது. ஏறும் நேரம் இவ்வளவு, இறங்கும் நேரம் இவ்வளவு, நடுவில் பஸ் வராத இடைவெளி இவ்வளவு. கணக்கு முடிவதற்குள் கால் சாலையில் இருக்கும்! அந்தக் காலைப் பாலத்தின் மேல் வரவழைப்பதுதான் முதல் சவால். இரும்பு வளைவது பெரிதில்லை. மனிதன் மனம் வளைய வேண்டும்.

அடுத்த சவால், உயரம். உயரமான லாரி அடியில் போக வேண்டும், ஆகவே பாலம் மேலே போக வேண்டும். மேலே போனால் சாய்தளம் நீளும். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் மூச்சு வாங்காமல் ஏற வேண்டுமென்றால் இன்னும் நீளும். நீண்டால் இடம் எங்கே? சரி, சாலை நடுவில் ஒரு தூண் நட்டால் பாலம் எளிதாக நிற்குமே? நடுவில் தோண்டினால் குடிநீர்க் குழாய், அதற்குக் கீழே கழிவுநீர்க் குழாய், அதற்கும் கீழே எந்தத் துறையும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத ஒரு குழாய். ஆகவே தூண் கிடையாது. ஒரே தாவலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு!

இதற்கு நகரமன்றம் ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தது. நானும் கலந்துகொண்டேன். என் வடிவம் உறுதியானது. நேரானது. இருபுறமும் இரும்புச் சட்டங்கள், குறுக்கும் நெடுக்குமாக, யானை ஏறினாலும் அசையாது. மாதிரியைத் தேர்வுக்குழு மேசையில் வைத்துவிட்டுப் பெருமையோடு நின்றேன். குழுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கேட்டார்:

"இது பாலமா சார், இல்ல பாலம் வந்த பெட்டியா?"

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். என் மனைவியே அன்று சிரித்தாள்.

பிறகு என் சகலை தன் மாதிரியை வைத்தார். அதைப் பற்றி எனக்குப் பேசவே பிடிக்கவில்லை, ஆகவே விரிவாகப் பேசுகிறேன். இந்தப் பக்கம் பஸ் நிலையத்தில் இறங்குகிறீர்கள் அல்லவா, அந்த நடைமேடையே மெல்ல மெல்லச் சாய்ந்து எழுகிறது. இறங்கியவர் வீட்டுப் பிரச்சினையை நினைத்துக்கொண்டு நாலு எட்டு வைப்பார். ஏறுகிறோம் என்ற எண்ணமே வருவதற்குள் பாலத்தின் மேல் இருப்பார்! அங்கிருந்து ஒரு வளைவு. தூங்குகிற குழந்தையின் மேல் போர்வையை வீசிவிட்டால் காற்றில் ஒரு கணம் நிற்குமே, அப்படி ஒரு வளைவு. மெலிந்து, மிதந்து, மருத்துவமனை வாசலில் போய் மெத்தென்று இறங்குகிறது.

நான் அதைப் பார்த்தேன். பார்த்த கணத்தில் என் உள்ளத்தில் ஒரே ஒரு கேள்விதான் எழுந்தது: எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பெருமக்களே, உலகத்தில் உள்ள அத்தனை பொறாமையும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அவனுக்கு ஏன் கிடைத்தது என்று கேட்பது சில்லறைப் பொறாமை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்பதுதான் சொந்தத் தொழிலுக்குள் வரும் பொறாமை. அது தூங்கவிடாது, தின்னவிடாது, பார்ப்பதை நிறுத்தவும் விடாது.

அவர் வென்றார். கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் இந்த மேடையில் இருக்க மாட்டேன், வீட்டில் தலைவலி என்று படுத்திருப்பேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஒருவர் வரைந்த பாலத்தை, அதில் பங்கில்லாத இன்னொருவர் முதலிலிருந்து கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். அவர் 'சரி' என்று ஒப்பமிட்டால்தான் பாலம் திறக்கும். யாரை நியமிப்பது? என் பெயர் வந்தது. "அம்மா, அவர் சொந்தக்காரராச்சே, சலுகை காட்டிட மாட்டாரா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். நம் தலைவர் அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா?

"சகலைதானே? அப்ப ஒரு சலுகையும் காட்ட மாட்டார். போட்டுடுங்க."

அம்மா, மனித மனத்தை இவ்வளவு துல்லியமாக அளந்த ஒருவரை இந்த நகரம் தலைவராகப் பெற்றிருக்கிறது!

நான் தொடங்கினேன். கைப்பிடிச் சுவரின் உயரம் பார்த்தேன். 'எல்லாம் நல்லா இருக்கு, ஆனா...' என்றேன். மழையில் வழுக்குமா என்று தரையை நனைத்துப் பார்த்தேன். 'நல்லாத்தான் இருக்கு, ஆனா...' என்றேன். எங்கே போனாலும் 'ஆனா'. கட்டுமானத் தோழர்கள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனா சார்! "டேய், ஆனா சார் வர்றாரு, தலைக்கவசத்தைப் போடுங்கடா!" இதற்குத்தான் முன்பு சிரித்தார்கள்.

ஒவ்வொரு 'ஆனா'வுக்கும் என் சகலையிடம் பதில் இருந்தது. சிரித்த முகத்தோடு பதில் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

அப்போதுதான் ஒன்றைப் பிடித்தேன். பெருமக்களே, மனிதன் நடக்கும்போது தரையைக் கீழே மட்டும் மிதிப்பதில்லை. இடது கால் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளும், வலது கால் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளும். ஒருவர் தள்ளினால் பாலத்துக்குக் கூச்சம்கூட ஏற்படாது. நிறையப் பேர் தள்ளினால்? அப்போதும் ஒன்றுமில்லை, ஏனென்றால் ஒருவர் இடப்பக்கம் தள்ளும்போது இன்னொருவர் வலப்பக்கம் தள்ளுவார், எங்கள் வீட்டுக் கூட்டுக் குடும்பம் மாதிரி, ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ஆனால் பாலம் தற்செயலாக ஒரு மயிரிழை அசைந்துவிட்டால்? மேலே நடப்பவர்கள் விழாமல் இருக்கக் காலை அகட்டி வைப்பார்கள், அசைவுக்கு ஏற்றபடி அடி வைப்பார்கள். யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடம், ஒரே நேரத்தில் வலம்! பாலம் மேலும் ஆடும். ஆடினால் மேலும் சேர்ந்து நடப்பார்கள். சேர்ந்து நடந்தால் மேலும் ஆடும்!

என் சகலைக்கு இது தெரியாதா? தெரியும். கணக்கும் போட்டிருந்தார். வெயிலில் பாலம் நீளும் என்பதற்காக மருத்துவமனைப் பக்கத்து முனையைக் கொஞ்சம் நகரவிட்டிருந்தார். அந்த முனை பக்கவாட்டிலும் சற்று விட்டுக்கொடுக்கும் என்பது என் கணக்கு. விட்டுக்கொடுக்காது என்பது அவர் கணக்கு. விட்டுக்கொடுப்பது பற்றி எங்கள் குடும்பத்தில் எப்போதுமே இரண்டு கருத்து உண்டு.

"ஆடும் சகலை," என்றேன்.

"ஆடாது அண்ணே. மணல் மூட்டை அடுக்கிச் சோதனை பண்ணியாச்சே? அரை அங்குலம் அசையலையே?"

"மணல் மூட்டை நடக்குமாய்யா?"

அவர் சிரித்தார். "அண்ணே, போட்டி முடிஞ்சிடுச்சு அண்ணே."

முடிந்தது! அந்த ஒரு வரியில் என் கணக்கு முழுவதும் காற்றில் போனது. இங்கேதான் என் இக்கட்டை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பாலம் ஆடும் என்று நல்ல மனிதன் சொன்னால் ஊர் கேட்கும். நான் சொன்னால் யார் கேட்பார்கள்? பொறாமை பேசுகிறது என்பார்கள். அவர்களை விடுங்கள், நானே நம்பினேனா? கோபத்தில் கணக்குப் போட்டேன், ஆடும் என்று வந்தது. சாப்பிட்டுவிட்டுச் சாந்தமாகப் போட்டேன், ஆடும் என்று வந்தது. ஆடும் என்று வரும்போதெல்லாம் உள்ளே ஒருவன் விசில் அடித்தான். அந்த விசில் கேட்கக் கேட்க எனக்கே என் கணக்கின் மேல் சந்தேகம். ஆசைப்பட்ட விடை வந்தால் அது விடையா, ஆசையா?

மனைவியிடம் சொன்னேன். அவள் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனையில், விபத்துப் பிரிவில் தலைமைச் செவிலியர் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலருக்குக் கட்டுப் போட்டவளே அவள்தான். சமையலறையில் சீருடையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"என்னங்க, நீங்க கணக்குப் போட்டீங்களா, கறுவிக்கிட்டுப் போட்டீங்களா?"

"கணக்குத்தான் போட்டேன்."

"இந்தச் சாலை தினமும் எனக்கு ஆள் அனுப்புதுங்க. நேத்து பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர். முந்தாநாள் காய்கறிக்காரம்மா. நீங்க 'ஆனா'ன்னு தள்ளிப்போடற ஒவ்வொரு நாளும் என் வார்டுல ஒரு கட்டில் நிறையுது. நிஜமாவே ஆடும்னா நில்லுங்க, நான் உங்க பக்கம். ஆனா அவர் மேல இருக்கற எரிச்சல்ல நின்னீங்கன்னா..."

முடிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அதில் வந்த ஆவி வாக்கியத்தை முடித்தது.

ஆகவே சபையோரே, நான் ஒப்பமிட்டுவிட்டுப் பாலம் ஆடினால், அதன் மேல் நீங்கள். நான் ஒப்பமிடாமல் இருந்து பாலம் ஆடாவிட்டால், தள்ளிப்போட்ட அத்தனை நாளும் சாலையில் நீங்கள். இரண்டு பக்கமும் நீங்கள். நடுவில் நானும் என் வயிற்றெரிச்சலும்!

ஒரே வழி. மனிதர்களை நடக்கவிட்டுப் பார்ப்பது. கேட்டேன். என் சகலை மறுக்கவில்லை. "அண்ணனுக்கு மனசு ஆறட்டும்" என்றாராம், என் கொழுந்தியாளிடம். என் கொழுந்தியாள் என் மனைவியிடம் சொன்னாள். என் மனைவி என்னிடம் சொன்னாள். எங்கள் வீட்டுச் செய்திக்கு எந்தப் பாலமும் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பணிமுடிந்த செவிலியர்கள், பஸ் நடத்துநர்கள், அலுவலக ஊழியர்கள் என்று பாலம் கொள்ளும் அளவுக்கு ஆட்கள் வந்தார்கள். என் மனைவியும் கொழுந்தியாளும் வந்தார்கள். தரை மட்டத்தில் அசைவை அளக்கும் கருவிகளோடு நான் ஒரு பக்கம், கைகட்டிக்கொண்டு என் சகலை மறுபக்கம். மேஸ்திரியார் ஒலிபெருக்கியில், "மெதுவா, பார்த்து, தள்ளித் தள்ளி நடங்க!" என்று அன்பொழுக அறிவித்தார்.

நடந்தார்கள். எப்படி நடந்தார்கள் தெரியுமா? புகைப்படக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தால் மனிதன் எப்படி நடப்பானோ, அப்படி! முதுகை நிமிர்த்தி, இடைவெளி விட்டு, ஒருவருக்கொருவர் வழி கொடுத்து. இந்த ஊரில் யாராவது அப்படி நடந்து நீங்கள் பார்த்ததுண்டா? கருவியில் அசைவே இல்லை. திரும்ப நடந்தார்கள். இல்லை. இன்னொரு தரம் நடந்தார்கள். இல்லவே இல்லை.

என் சகலை என் பக்கம் பார்த்து, மிகவும் மரியாதையாக, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். பாலத்தின் மேலிருந்து என் மனைவி என்னைப் பார்த்தாள். எடுத்த பேனாவின் மூடியைத் திறந்தேன். ஆம், ஒப்பமிடப் போனேன்! தோற்றேன் என்று முடிவு கட்டிவிட்டேன்!

அப்போதுதான் மருத்துவமனைப் பக்கத்து முனையில் உணவகக்காரர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். வந்தவர்களுக்குத் தேநீர் தருவதாக ஏற்பாடு. அவர் ஒலிபெருக்கி இல்லாமலே அறிவித்தார்:

"டீ ரெடி! பன்னு கொஞ்சந்தான் இருக்கு!"

பெருமக்களே! அதுவரை நடந்தவர்கள் பார்வைக்கு நடந்தவர்கள். அந்த நொடி முதல் நடந்தவர்கள் பன்னுக்கு நடந்தவர்கள்! பாலத்தின் மேலிருந்த அத்தனை பேரும் ஒரே திசையில் திரும்பினார்கள். இடைவெளி போனது. மரியாதை போனது. தோளோடு தோள், எட்டுக்கு எட்டு. பஸ் வந்து நின்றதும் நீங்கள் எப்படி இறங்குவீர்களோ, பார்வை நேரம் முடிய மணி அடிப்பதற்குள் நோயாளியைப் பார்க்க எப்படி ஓடுவீர்களோ, அப்படி!

பாலம் அசைந்தது. முதலில் ஒரு சின்ன அசைவு, தொட்டிலை விரலால் தொட்டதுபோல. கால்கள் அகன்றன. அத்தனை இடது காலும் சேர்ந்து ஒரு தள்ளு. அத்தனை வலது காலும் சேர்ந்து ஒரு தள்ளு. இடம்... வலம்... இடம்... வலம்! போர்வை போல மிதந்த வளைவு பாம்பு போல நெளிந்தது!

"ஆடுது! ஆடுது சகலை! பாருய்யா, ஆடுது!" என்று கத்தினேன். அது எச்சரிக்கை அல்ல. சத்தியமாக அல்ல. கொண்டாட்டம்! என் கையில் இருந்த பேனா எங்கே போனதென்றே தெரியவில்லை. மின்விசிறி என் பக்கம் திரும்பிய நொடி அது!

"என்னங்க!"

நடுப்பாலத்திலிருந்து ஒரு குரல். என் மனைவி ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் தங்கையையும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் நின்றாள். விபத்துப் பிரிவில் எதைப் பார்த்தும் நிறம் மாறாத முகம் வெளுத்திருந்தது.

என் கொண்டாட்டம் எந்த வேகத்தில் வந்ததோ அதைவிட வேகமாக இறங்கியது. மேஸ்திரியாரிடமிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். "நில்லுங்க! யாரும் ஓடாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்றேன். நின்றார்கள். கால்கள் நின்றதும் பாலம் இரண்டு மூன்று முறை முனகிவிட்டு அடங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இரும்புக்கும் இல்லை. சிலருக்குப் பன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தேன். என் சகலை நடைமேடைச் சரிவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தலையில் கை. நான் இத்தனை ஆண்டுகள் காணத் தவம் கிடந்த காட்சி! பக்கத்தில் போனேன். ரசிப்பதற்குத்தான் போனேன். அவர் நிமிராமலே சொன்னார்:

"எனக்கு ஏன் அண்ணே இது தோணலை?"

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அது என்னுடையது. பல இரவுகள் வளர்த்தது. அதை இன்னொருவர் வாயில் கேட்டதும், என்ன சொல்வது... என் சட்டையை அவர் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதன்பிறகு நடந்தது வேலை. ஆடுகிற பாலத்துக்கு மருந்து உண்டு. பாலத்தின் அடியில் கனமான இரும்பு எடைகளைத் தொங்கவிட வேண்டும். அவை பாலத்தோடு சேர்ந்து ஆடக் கூடாது. பாலம் இடப்பக்கம் போனால் இவை வலப்பக்கம் போக வேண்டும். பாலம் வலப்பக்கம் போனால் இவை இடப்பக்கம். பஸ்ஸின் அடியில் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் எண்ணெய் உருளை இருக்கிறதே, அதைப் போல ஒன்றையும் கூடவே பொருத்தினால், பாலத்தின் ஆட்டத்தை அவை வாங்கித் தின்றுவிடும். எதிர்த்தே பழகிய எடை! எதிர்ப்பதனாலேயே காப்பாற்றும் எடை!

எங்கே வைப்பது? மெலிந்த பாலம், வயிறே இல்லை. அடியில் நாலு பெட்டிகளைத் தொங்கவிட்டால் எளிது என்றார் ஒப்பந்தக்காரர். என் சகலை சோர்ந்துபோய், "சரி, அப்படியே பண்ணிடுங்க" என்றுவிட்டார். அப்போது, "யோவ், அந்த வளைவைக் கெடுக்காதீங்கய்யா!" என்று யாரோ மேசையைத் தட்டிக் கத்தினார்கள்.

கத்தியது நான்தான்.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னைத்தான் பார்த்தேன். பெருமக்களே, ரசிகன் ஒரு முறை பார்ப்பான், 'ஆகா' என்பான், போய்விடுவான். பொறாமைக்காரன் போவானா? ஒவ்வொரு மூலையையும் பார்த்திருப்பான், ஒவ்வொரு கோட்டையும் தடவியிருப்பான். அந்த வளைவு எங்கே எத்தனை அழகு என்று அதை வரைந்தவரைவிட எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் ஒவ்வோர் அங்குலமும் என்னைச் சுட்டிருக்கிறது! அந்த வளைவுக்கு அடியில் பெட்டி தொங்கினால், நான் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்? பெட்டி என்ற பட்டம் என் பாலத்துக்கு மட்டும் சொந்தம். அதையும் அவருக்குக் கொடுத்துவிடுவதா?

இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். எடைகளைத் தட்டையாக்கி, தரைப்பலகைக்கும் அடித்தகட்டுக்கும் இடையில், பக்க உத்திரங்களின் நிழலில் படுக்கவைத்தோம். சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. நீங்கள் பாலத்தில் நிற்கும்போது உங்கள் காலடியில்தான் அவை இருக்கும். கட்டுமானத் தோழர்கள் அந்த எடைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்கிறீர்கள்?

ஆமாம் ஐயா, அங்கே பின்னால் சரியாகச் சொன்னீர்கள். ஆனா சார்!

"டேய், அடுத்த ஆனா சாரை மேல ஏத்துங்கடா!" "ஆனா சாருக்கு எண்ணெய் விட்டாச்சா?" "ஆனா சார் ரொம்ப எகிறுறாரு, கொஞ்சம் இறுக்குங்க!" சாலையோரம் நின்று இதையெல்லாம் நான் காதால் கேட்டேன். ஒரு மனிதனுக்கு உயிரோடு இருக்கும்போதே இத்தனை சிலை எந்த நாட்டில் வைத்திருக்கிறார்கள்?

மறுபடி ஒரு ஞாயிறு. அதே ஆட்கள், இன்னும் அதிகமாகவே. இந்த முறை ஒலிபெருக்கி அறிவுரை கிடையாது. உணவகக்காரரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டோம்: பன்னை வேண்டுமென்றே குறைத்துக் கொண்டுவாருங்கள் என்று. நடுப்பாலத்தில் நான் நின்றேன். அகட்டிய என் கால்களுக்கு நடுவே, தரையில், விளிம்புவரை தேநீர் ஊற்றிய ஒரு குவளை. "பன்னு கொஞ்சந்தான் இருக்கு!" என்ற குரல் எழுந்தது. வெள்ளம் வந்தது. என்னை இடித்துக்கொண்டு, மிதித்துக்கொண்டு, அத்தனை பேரும் போனார்கள்.

நான் குவளையையே பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். உள்ளே ஒரு மூலையில் அந்த விசிலடிப்பவன் உதட்டைக் குவித்துத் தயாராக நின்றான். ஒரு துளி சிந்தட்டும், ஒரே ஒரு துளி!

தேநீரின் மேல் ஒரு வட்டம் எழுந்தது. விளிம்புவரை போனது. அங்கேயே அடங்கியது. என் காலுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இருட்டில், என் பெயர் கொண்ட இரும்புகள் எதிர்த்து எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தன. மேலே பாலம் ஆடவில்லை.

நிமிர்ந்தேன். என் சகலை பக்கத்தில் நின்றார். அவர் குவளையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, ஆடலையா?"

"ஆடலை சகலை."

"வருத்தமா?"

"கொஞ்சம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். குனிந்து அந்தக் குவளையை எடுத்தார், பாதியைக் குடித்தார், மீதியை என்னிடம் நீட்டினார். அங்கேயே, அவர் முதுகை மேசையாக வைத்துத்தான் ஒப்பமிட்டேன். ஓங்கி அழுத்தித்தான் இட்டேன்.

ஆகவே, என் அருமைப் பெருமக்களே! நல்லவர்கள் பாலத்தை வாழ்த்துவார்கள். நண்பர்கள் பாலத்தைப் பாராட்டுவார்கள். பாலத்தை உலுக்கிப் பார்ப்பவன் யார்? ஆடுமா என்று ஆசையோடு காத்திருப்பவன் யார்? கட்டுகிறவனுக்குப் பக்கத்தில், கண்ணில் எரிச்சலோடு, கையில் கணக்கோடு ஒரு பொறாமைக்காரன் நிற்கட்டும்! ஒவ்வொரு பாலத்துக்கும் ஒருவன் நிற்கட்டும்! ஒவ்வோர் அணைக்கும், ஒவ்வொரு மாடிக்கும், ஒவ்வொரு மேடைக்கும் ஒருவன் நிற்கட்டும்! அவன் வயிறு எரியட்டும். உங்கள் கால் நடுங்காமல் இருக்கட்டும்! ஆனால் ஒன்று: அவன் எரிச்சல் கணக்கோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டில்லாத எடை பாலத்தையே இடித்துவிடும். கட்டிய எடைதான் காக்கும்!

இதோ, கல்வெட்டில் என் சகலை பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. என் பெயரைத் தேடாதீர்கள், அது அடியில் இருட்டில் எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கிறது. பொறாமை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா, அம்மா? எங்கே போகும்! சற்றுமுன் மேடை ஏறும்போது இந்த மின்விசிறி யார் பக்கம் திருப்பிவைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

கடைசியாக ஒன்று. இந்தச் சாலையின் வடக்கு முனையில், பள்ளிக்கூடத்தின் எதிரில், இன்னொரு நடைமேம்பாலம் வரப்போவதாகத் தலைவர் அறிவித்திருக்கிறார். அறிவிப்பைக் கேட்டதும் என் சகலை என் காதோரம் குனிந்தார். மேடையில்தான், இப்போதுதான், நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள்.

"அண்ணே, அதை நீங்க வரைங்க. நான் போட்டிக்கு வரலை. பொறாமைப்படற வேலையை நான் பார்த்துக்கறேன்," என்றார்.

கண் கலங்கிவிட்டது எனக்கு. ஆனால்... சிரியுங்கள் தோழர்களே, சிரியுங்கள்... அந்த வேலையையும் இவர் என்னைவிட நன்றாகச் செய்துவிடுவாரோ என்று இப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது!

பொறுமையோடு இந்தப் பொறாமையைக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், தலைவர் அம்மையாருக்கும் நன்றி. மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து பணிக்குக் கிளம்பும் என் மனைவிக்குத் தனியாக ஒரு நன்றி. அவளுடைய கட்டில்கள் காலியாகவே இருக்கட்டும். இனி நாடாவை வெட்டுவார்கள். நாடா விழுந்ததும் நீங்கள் எல்லோரும் ஒன்றாகப் பாலத்தில் ஏறுங்கள். இடித்துக்கொண்டு ஏறுங்கள், முண்டியடித்து ஏறுங்கள். அந்தக் கரையில் தேநீர் காத்திருக்கிறது.

பன்னு கொஞ்சந்தான் இருக்கிறது. வணக்கம்!